டச்சுக்காரன் ஊரில் நடந்த நாட்கள்

சதுரங்கப்பட்டினத்தில் நான் இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள். அதில் ஒரு நாள்கூட முழுதாக வீட்டுக்குள் இருந்ததில்லை. காலையில் பழையது சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடுவேன். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் சும்மா இருக்க மாட்டேன் என்றது, அவ்வளவுதான்.

அந்த ஊரைச் சாந்தோமில் எங்கள் தெருக்காரர்கள் டச்சுக்காரன் ஊர் என்பார்கள். மயிலாப்பூரிலிருந்து கால்வாயோடு தெற்கே படகில் ஒரு நாளுக்குமேல் போகவேண்டும். எந்தக் காலத்திலோ ஒல்லாந்தர்கள் கடலோரம் கோட்டை கட்டி, துணி வாங்கிக் கப்பலேற்றி, அங்கேயே செத்துப் புதைந்த ஊர். நான் போனபோது பெயரைத் தவிர டச்சுக்காரர் யாரும் மிச்சமில்லை. கோட்டைக்குள் செங்கல்லும் ஆடுகளும் இருந்தன.

நாற்பத்திரண்டாம் வருஷம், பாஸ்காத் திருநாள் என்கிற ஈஸ்டர் முடிந்த மறுநாள் விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று செய்தி வந்தது. அடுத்தது சென்னைதான் என்றார்கள். முடிந்தவர்கள் ஊரைவிட்டுப் போங்கள் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியிருந்த வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. மாம்பலம் பக்கம் புதிதாகக் கட்டிய பெரிய பெரிய வீடுகளில் வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை தொங்கியது. எங்கள் பால்காரர் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் போய்விட்டார். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண்கள் பள்ளிக்கூடத்தைக் காலவரையின்றி மூடினார்கள்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். வீட்டில் நான், என் கணவர், அவருடைய தாயார் மூன்று பேர்தான். கணவருக்குத் தந்தி ஆபீஸில் வேலை. அவசர இலாகா என்று அவர்களுக்கு லீவும் கிடையாது, வெளியூர் போக அனுமதியும் கிடையாது.

"நீயும் அம்மாவும் கிளம்புங்க," என்றார் ஒரு நாள் சாயங்காலம், சட்டையைக்கூடக் கழற்றாமல்.

"நீங்க இருக்கீங்க. நான் மட்டும் ஏன் போகணும்?"

"ஆபீஸ்ல எல்லாரும் வீட்டு ஆளுங்களை அனுப்பிட்டாங்க. சைரன் ஊதினா நான் மேஜையை விட்டு எழுந்திருக்க முடியாது. கை மெஷின் மேல இருக்கும், நெனப்பு இங்க இருக்கும். எப்படி வேலை பாக்கறது?"

"அப்போ நான் பாரம்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லலையே."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

அன்றிலிருந்து மூன்று நாள் நாங்கள் அத்தை வழியாகத்தான் பேசிக்கொண்டோம். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "சாப்பிட வரச் சொல்லுங்க அத்தை" என்பேன். அவர் இரண்டடி தள்ளி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அத்தை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "காது கேக்குதில்ல, வந்து துன்னு" என்பாள்.

டச்சுக்காரன் ஊருக்குப் போகலாம் என்றது அத்தைதான். அவளுக்குத் தம்பி முறை ஆகவேண்டிய ஒருவர் அங்கே சின்ன மாதா கோவிலில் உபதேசியாராக இருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும் மணியடிப்பதும் இவர் பொறுப்பு. ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற முடியாத நேரம் அது. மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் விறகு மண்டி வைத்திருந்த பாய் எங்களுக்குப் பழக்கம். அவருடைய படகுகள் சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வரும், திரும்பும்போது காலியாகப் போகும். அந்த மாதம் ஆட்களோடு போயின.

புறப்படும் நாளில் கணவர் என் டிரங்குப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, கரைவரை தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியைப் படகில் இறக்கினார். அத்தையைக் கைபிடித்து ஏற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "பத்திரம்" என்றார்.

போய்விட்டு வருகிறேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. முகத்தைத் திருப்பி எதிர்க்கரையைப் பார்த்தேன். அங்கே இரண்டு எருமைகள் கழுத்துவரை தண்ணீரில் கிடந்தன. படகுக்காரர்கள் கரையிலிருந்து கயிற்றை இழுக்கத் தொடங்கி, படகு நகர்ந்து, பாலத்தடியில் நுழைந்து வெளியே வரும்வரை அந்த எருமைகள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது கரை வளைந்துவிட்டிருந்தது.

அடையாறுவரை கூட வந்த பாய்தான் முதலில் பேசினார். "இன்னாம்மா, ஊரே தப்பிச்சோம்னு ஓடிக்கினு கீது. நீ ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சுக்கினு கீற?"

"தலைவலி பாய்."

"தண்ணி மேல போனா சில பேருக்கு அப்பிடித்தான். வெத்தல போடு, சரியாப் பூடும்."

அத்தை பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, நரம்பைக் கிள்ளி என்னிடம் நீட்டினாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். உபதேசியார் மெலிந்த மனிதர். சொன்னதையே இரண்டு தரம் சொல்லும் பழக்கம். "வாங்க அக்கா, வாங்க வாங்க. ஜப்பான்காரன் இங்க வரமாட்டான். இங்க என்னா இருக்குது, வரமாட்டான்" என்றார். கோவில் தோட்டத்தின் கோடியில் ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு கிணறு, முருங்கை மரம். அத்தைக்கு அந்த வீடு வந்த அன்றே பிடித்துவிட்டது. மீனவர்கள் காலையில் கொண்டுவரும் மீன் கூடையில் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும். "பட்டணத்துல இது கெடைக்குமா" என்று சொல்லிச் சொல்லி அத்தை தினமும் குழம்பு வைத்தாள். உபதேசியார் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டு இரண்டு சுற்றுப் பருத்தார்.

எனக்குத்தான் உட்காரமுடியவில்லை.

முதல் நாள் கோட்டைக்குப் போனேன். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வெளிச்சுவர் பல இடங்களில் சரிந்து, செங்கல் சிவப்பாக வாய் திறந்திருந்தது. உள்ளே கற்றாழையும் எருக்கும். ஒரு மூலையில் கல்லறைகள். கருங்கல் பலகைகளில் கப்பல், கிரீடம், மண்டையோடு எல்லாம் செதுக்கி, அவற்றின் கீழே வரிவரியாக எழுத்து. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் வாசித்தால் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வருஷங்களை மட்டும் கழித்துப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர்கள் குறைவு. எங்கிருந்தோ கிளம்பி வந்தவர்கள், திரும்பிப் போகாதவர்கள். அந்தக் கல் வெயிலிலும் குளிர்ச்சியாக இருந்தது போல. ஓர் ஆடு அதன்மேல் படுத்து என்னைப் பார்த்து அசைபோட்டது. நான் கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அங்கிருந்து கடற்கரை. கடற்கரையோடு தெற்கே போனால் பாலாறு கடலில் சேரும் இடம். சித்திரை மாதத்தில் ஆற்றில் தண்ணீர் எங்கே. அகலமாக மணல், நடுவில் ஒரு குட்டை, அதில் நாரைகள். அதுவரை போய், திரும்பி, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் கிளம்பி மேற்கே பனங்காட்டுக்குள் போனேன். மறுநாள் வடக்கே, கல்பாக்கம் தாண்டிச் சவுக்குத் தோப்புகள்வரை. சவுக்குத் தோப்பில் காற்று நுழைந்தால் மழை வருவது போலச் சத்தம் கேட்கும். அண்ணாந்து பார்த்தால் வானம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்கும். வேர்க்கடலை பிடுங்கிய நிலங்கள், உப்புப் படிந்த சேறு, தலையில் விறகுச் சுமையோடு எதிரே வரும் பெண்கள். "எங்க போற தாயி?" என்பார்கள். "சும்மா" என்பேன். அவர்கள் தாண்டிப் போய் நின்று திரும்பிப் பார்ப்பது எனக்கு முதுகில் தெரியும்.

நடக்கும்போது மனதில் ஒரே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்துல பேசாம வந்துட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் காகிதத்தில் சௌக்கியம், மீன் கிடைக்கிறது, உபதேசியார் நல்லவர் என்றுதான் வந்தது. இரண்டு கடிதம் அப்படியே போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஊருக்கெல்லாம் தந்தி அடிக்கிற மனிதர் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு காரணம் தோன்றும். கோபம் ஆறவில்லை. காய்ச்சல். ஆபீஸ்மேல் குண்டு விழுந்துவிட்டது, உபதேசியார் சேதியை மறைக்கிறார். கடைசியில் இந்த நினைப்புகளை அடக்க வேண்டி அடிகளை எண்ண ஆரம்பித்தேன். கணக்கு வாத்தியாரம்மாவுக்கு வேறு என்ன தெரியும். எண்ணி முடித்ததை ஒரு நோட்டில் குறித்தேன். கோட்டை வாசல் முதல் ஆற்று முகம்: ஏழாயிரத்து இருநூற்றுப் பத்து. கோவில் கிணறு முதல் கால்வாய்: மூவாயிரத்துச் சொச்சம். மறுநாள் அதே வழியை எண்ணி, வித்தியாசம் வந்தால் அதையும் பக்கத்தில் எழுதினேன்.

அந்த நோட்டுதான் வம்பில் மாட்டிவிட்டது.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, திருக்கழுக்குன்றத்திலிருந்து சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்ல உயரம். சட்டை முழுக்க வேர்வை. உபதேசியார் நடுங்கிப்போய் நாற்காலி எடுத்துப்போட்டார்.

"பட்டணத்துலருந்து வந்த அம்மா யாரு?"

"நான்தான்," என்றேன்.

"தெனமும் கடலோரமா நடந்துக்கினு போறீங்களாமே. எதுக்கு?"

"சும்மா."

"இந்த வெயில்ல சும்மா யாராச்சும் நடப்பாங்களா? நோட்டுல இன்னாமோ எழுதறதா வேற தகவல். கொஞ்சம் காட்டுங்க."

கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கோட்டை, ஆற்று முகம், மீனவர் குப்பம், சவுக்குத் தோப்பு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். அவர் முகம் மாறுவதைப் பார்த்தபோதுதான் அந்த நோட்டு வேறொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு உறைத்தது. ஜப்பான்காரன் எந்தக் கரையில் இறங்குவான் என்று சர்க்கார் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம்.

"இது இன்னா கணக்கு?"

"அடிங்க."

"எந்த அடி?"

"நான் வெச்ச அடி. நடக்கும்போது எண்ணுவேன்."

"யார் எண்ணச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை."

அதற்குள் அத்தை உள்ளேயிருந்து வந்தாள். கை முழுக்க மீன் செதில். "ஏம்பா, நடக்கறது குத்தமா?"

"குத்தம் இல்லம்மா. மேல கேப்பாங்க, நான் எழுதிக் குடுக்கணும்."

"எழுதிக்க. எட்டு மாசமா இது என் வீட்ல இருக்குது. ஒரு எடத்துல உக்காராது. சோறு துன்னும்போதே மூணு வாட்டி எந்திரிச்சுப் போவும். இதைப் போயி ஜப்பான்காரன் வெச்சுக்கினா அவன்தான் தலை சுத்தி விழுவான்."

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் இளகினார். யோசித்துவிட்டு, "இங்கருந்து கோவில் வாசப்படி எத்தினி அடி?" என்றார்.

"நூத்தி நாப்பத்திரெண்டு."

அவர் எழுந்து நடந்தார். வாய்விட்டு எண்ணிக்கொண்டே வாசற்படிவரை போனார். திரும்பி வந்து, "நூத்திப் பதினெட்டு" என்றார், என்னைப் பிடித்துவிட்ட மாதிரி.

"உங்க கால் நீளம்."

குனிந்து தன் காலைப் பார்த்தார். என் காலையும் பார்த்தார். பிறகு தன் நோட்டை எடுத்து நாலு வரி எழுதி, உபதேசியாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இனிமே கடலோரம் போவாதீங்கம்மா. நடந்தே ஆவணும்னா மேற்கால போங்க," என்று சொல்லி, அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

மேற்கே என்றால் கால்வாய். அதற்குமேல் தினமும் அங்கேதான் போனேன். அதுவும் தப்பாகப் போயிற்று. கடலோரத்தில் நடந்தபோது பார்ப்பதற்கு மணலும் தண்ணீரும் மட்டும்தான். கால்வாயில் படகுகள் போயின. கட்டை ஏற்றியது, உப்பு ஏற்றியது, எல்லாம் வடக்கே, மயிலாப்பூரைப் பார்த்து. ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுக் குனிந்து இழுத்துக்கொண்டு கரையோடு போவார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடப்பேன். ஒரு பனைமரம்வரை என்று நினைத்துக்கொள்வேன். அதைத் தாண்டி அடுத்ததுவரை. ஒரு நாள் அப்படிப் போய், திரும்புவதற்கு மதியம் மூன்று மணியாகிவிட்டது. செருப்பு அறுந்து கையில் இருந்தது. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது.

அத்தை கால்வாய்க் கரையில், ஒரு பனையின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தேடி வந்திருக்கிறாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் காலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"என்னாதான் உனக்கு? பயமா?"

"பயம் இல்ல அத்தை."

"அப்புறம்?"

சொல்லிவிட்டேன். கரையில் அவர் பத்திரம் என்றது, நான் எருமைகளைப் பார்த்தது, எழுத உட்கார்ந்தால் மீன் என்று எழுதுவது, எல்லாவற்றையும். சொல்லும்போது எனக்கே அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி இதற்காகவா ஒரு மாகாணத்துப் போலீஸை வரவழைத்தாள் என்று வெட்கமாகவும் இருந்தது. அழுகை வரவில்லை.

அத்தை கால்வாய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்கப்பா செத்த அன்னிக்கு நான் அடுப்புல இருந்தேன்," என்றாள். "வெளிய போகும்போது கூப்புட்டாரு. வரேன் வரேன்னு சொன்னேன், போவல. எதுக்குக் கூப்புட்டாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வருத்தமாகக்கூட அதைச் சொல்லவில்லை. புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குப் பாய் படகு எப்போ கெளம்புதுன்னு கேளு."

"குண்டு போட்டா அத்தை?"

"போட்டா மூணு பேரும் ஒண்ணா போவலாம். இங்க உக்காந்து இந்த மீனை எத்தினி நாளைக்குத் துன்றது."

உபதேசியார்தான் மனம் உடைந்துபோனார். "இருங்க அக்கா, இன்னும் ஒரு மாசம் இருங்க, இருங்க" என்று சொல்லிக்கொண்டே முருங்கைக்காய் ஒரு கட்டுப் பறித்துக் கொடுத்தார். கால்வாய்வரை வந்து, படகு நகரும்வரை நின்றார். அவரைப் பார்த்து இரண்டு தரம் கையாட்டினேன். மறக்காமல்.

திரும்பும் வழியில் படகு நிறையக் கட்டை. அதன்மேல் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். காற்று எதிராக இருந்ததால் முழுக்க இழுத்துக்கொண்டே வந்தார்கள். முட்டுக்காட்டுக்கு அருகே தரை தட்டி அரைநாள் நின்றது. நான் இறங்கி நடக்கட்டுமா என்று படகுக்காரரைக் கேட்டேன். "நடந்தா எங்களுக்கு முந்திப் பூடுவே. உன் பெட்டிய யாருகிட்ட குடுக்கறது?" என்றார். அத்தை என் புடவைத் தலைப்பைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மயிலாப்பூர் வரும்வரை விடவில்லை.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் கரையிறங்கினோம். விறகு மண்டியில் பாய் எங்களைப் பார்த்து வெளியே வந்தார். "எல்லாரும் போவாங்க, நீங்க வர்றீங்களே" என்றார். வீட்டுச் சேதி ஏதும் தெரியுமா என்று கேட்டேன். "உன் வூட்டுக்காரரா? நல்லாதான் கீறாரு. நேத்துகூட விறகு வாங்கிக்கினு போனாரே, நெறைய" என்றார். நெறைய என்ற சொல் எனக்கு விளங்கவில்லை.

தெருக்கள் காலியாகக் கிடந்தன. ஒரு வீட்டு வாசலில் யாரோ விட்டுவிட்டுப்போன துளசி காய்ந்து நின்றது. எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது பேச்சுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. யாரோ இந்தத் தெருவில் மிச்சமிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். சத்தம் எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது.

கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் ஐந்து ஆண்கள். எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டி, மேலே வெறும் பனியன். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். மூன்று பேர் சீட்டு விளையாடினார்கள். பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லித்தர நான் வாங்கிவைத்திருந்த சின்னக் கரும்பலகையில் ஆட்டத்துப் புள்ளிகள் எழுதியிருந்தன. கூட்டல் ஓரிடத்தில் தப்பு. என் கணவர் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். சற்றுச் சதை போட்டிருந்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"யாருடா இவங்கல்லாம்?" என்றாள் அத்தை.

"ஆபீஸ்ல என்கூட ராத்திரி டியூட்டி பாக்கறவங்கம்மா. எல்லாரும் குடும்பத்தை அனுப்பிட்டாங்க. தனித்தனியா சமைப்பானேன்னு..." அவர் என்னைப் பார்த்தார். "நீங்க எப்படி வந்தீங்க?"

"படகுல," என்றேன்.

அவர்கள் ஐந்து பேரும் ஐந்தே நிமிஷத்தில் சட்டை மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் தம் வீடு சைதாப்பேட்டையில் காலியாக இருக்கிறது, அங்கே போய்க்கொள்கிறோம் என்றார். இன்னொருவர் போகும்போது கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் போனார். அத்தை முந்தானையைச் சொருகிக்கொண்டு வீட்டைக் கூட்ட ஆரம்பித்தாள்.

நான் ஜன்னலோரம் போனேன். என் இரண்டு கடிதங்களும் அங்கே இருந்தன. பிரித்துப் படித்து, ஒரு தம்ளரைப் பாரமாக வைத்திருந்தார். அவர் பின்னால் வந்து நின்றார்.

"பதில் எழுதணும்னு தினமும் நெனச்சேன்."

"நெனச்சீங்களா?"

"ராத்திரி முழுக்க அடுத்தவங்க சேதியா அடிச்சிக்கிட்டு இருக்கேன். அம்மா இறந்துட்டாங்க, உடனே வா, பணம் அனுப்பு, இதேதான். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தா கை ஒரு எழுத்து எழுத மாட்டேங்குது."

அது பொய்யில்லை என்று தெரிந்தது. சிரித்துக்கொண்டு கதை சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே ஆளாக என்னால் அப்போது சேர்த்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பத்தொன்பது நாளாக வாயில் வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

"கோபத்துல பேசாம போயிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் புரியாமல் பார்த்தார். "எப்போ?"

"படகுல ஏறும்போது. நீங்க பத்திரம்னு சொன்னீங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. "வெயில் கண்ணுல அடிக்குதுன்னு நெனச்சேன்," என்றார்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுசாக வரவில்லை. வெளியே போய்விட்டு வருகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை துடைப்பத்தை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கொப்பளித்த காலோடு தெருவில் இறங்கி, கோவிலைத் தாண்டி, கடலைப் பார்த்து வேகமாக நடந்தேன். மணல் தொடங்கும் இடத்தில் முள்கம்பி போட்டிருந்தார்கள். நாங்கள் போகும்போது அது இல்லை. ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்று, திரும்பிப் போ என்று கையைக் காட்டினான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. கம்பிக்கு இந்தப் பக்கமாகவே கொஞ்ச தூரம் வடக்கே நடந்தேன், கொஞ்ச தூரம் தெற்கே நடந்தேன். அவன் முகத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அவன் என்னவென்று எழுதிக் கொடுப்பான் என்று நினைத்தபோது நின்றுவிட்டேன்.

திரும்பி வந்தபோது வீடு கழுவி ஈரமாக இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. மறு வருஷம் ஒரு தரம் துறைமுகப் பக்கம் குண்டு விழுந்தபோதுகூடப் போகவில்லை. பள்ளிக்கூடத்தைச் சில மாதத்தில் திறந்தார்கள். அவருக்கும் எனக்கும் அப்புறம் எத்தனையோ சண்டை வந்தது. ஒவ்வொன்றிலும் நான் கோபமாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு அவர் எனக்காகத் தட்டு எடுத்து வைத்திருந்தார். ஆறு ஆண்களுக்கு வடித்த சோறு, மலைபோல மிச்சமிருந்தது. சாம்பாரில் உப்பு அதிகம். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள், அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன். நடுவில் ஒரு தரம் தண்ணீர் எடுக்க எழுந்தேன், இன்னொரு தரம் சும்மா எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வந்து உட்கார்ந்தேன்.